ஓரத்தில் பென்சிலால் எழுதியது

பள்ளி நூலகப் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருக்கும் உங்களிடம் நான் சொல்ல நினைப்பது ஒரு பிற்பகலைப் பற்றி. புத்தகத்துக்கு எண் போடுவது, கரையான் ஏறாமல் பார்த்துக்கொள்வது, பிரிந்த தாள்களைத் தைப்பது எல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். ஒரு மாதத்தில் கைவந்துவிடும். பயிற்சியில் சொல்லாத ஒன்று இருக்கிறது. நாம் கொடுக்கிற புத்தகம் ஒரு பிள்ளையின் பையில் ஏறி, நாம் ஒருநாளும் நுழையாத வீட்டுக்குள் போகிறது. அங்கே அதை யார் எடுத்துப் பிரிப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. இருபத்தெட்டு வருடம் தமிழாசிரியை, அதில் பாதிக்கு மேல் நூலகமும் என் பொறுப்பு. இருந்தும் இதை நான் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கிராமம். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். சாதிப் பெயர் எதையும் எழுதவில்லை; எழுதாமலே உங்களுக்குப் புரியும், அதுதான் இதில் உள்ள சிக்கல்.

அந்தப் பள்ளி நூலகத்தில் ஒரு வெளிநாட்டு நாவலின் தமிழாக்கம் இருந்தது. அட்டை கிழிந்து போனதால் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு வைத்திருந்தேன். ஆப்பிள் தோட்டம் வைத்திருக்கும் வெள்ளைக்காரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி. பழம் பறிக்க வரும் கறுப்பினக் குடும்பத்துப் பெண் ஒருத்தி. இருவருக்கும் பதினாலு வயது. ஒரு பழப் பருவம் முழுக்க யாருக்கும் தெரியாமல் சிநேகிதமாக இருக்கிறார்கள். பருவம் முடியும்போது அது வெளியே தெரிந்துவிடுகிறது. பெரிய பிள்ளைகளுக்கான கதை, அவ்வளவுதான். ஆனால் சுற்றிலும் திராட்சைப் பந்தல் உள்ள ஊரில் அதை எடுத்துப் படிக்கும் பிள்ளைக்கு அது வெளிநாட்டுக் கதையாக இருக்குமா என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் பிரியா என்றொரு பெண். அவள் அப்பாவுக்கு ஊருக்கு மேற்கே பன்னீர் திராட்சைத் தோட்டம் இருந்தது, கொஞ்சம் தென்னையும். அதே வகுப்பில் ஜெனிட்டா. மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் காலனிப் பெண். அவள் அம்மா செல்வமேரி, பிரியா வீட்டுத் தோட்டத்தில் பழம் வெட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அண்ணன் ஜெரால்டுக்கு இருபத்தொரு வயது. குட்டியானை என்று சொல்வோமே, அந்தச் சின்னச் சரக்கு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பழப் பெட்டிகளை ஏற்றிக் கம்பத்தில் இறக்குவது அவன் வேலை.

வகுப்பில் இந்த இரண்டு பெண்களும் பேசி நான் பார்த்ததில்லை. ஒருத்தி ஜன்னல் பக்கம் இரண்டாவது பெஞ்சு, இன்னொருத்தி கதவுப் பக்கம் கடைசிப் பெஞ்சு. ஆனால் அந்தப் புத்தகத்தை மட்டும் இருவரும் மாற்றி மாற்றி எடுத்தார்கள். ஒரு வாரம் பிரியா, மறு வாரம் ஜெனிட்டா, மறுபடி பிரியா. ஒரே புத்தகத்தை எத்தனை தடவைதான் படிப்பார்கள் என்று ஒருநாள் மதியம் பிரித்துப் பார்த்தேன்.

ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. இருவரும் புத்தகத்துக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் கதையைப் பற்றிய பேச்சாக இருந்தது. பழம் பறிக்கிற பெண் ஏன் கடைசிவரை மற்றவள் வீட்டில் சாப்பிடவில்லை என்று ஒருத்தி கேட்டிருந்தாள். கூப்பிடவே இல்லையே என்று மற்றவள் எழுதியிருந்தாள். போகப் போகக் கதை குறைந்து அவர்களைப் பற்றிய பேச்சு கூடிக்கொண்டே வந்தது. நூற்றிப் பதினேழாம் பக்கத்தில் இருந்தது இது. இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது: "உன் வீட்டுக்கு நான் வர முடியாது. எங்க வீட்டுக்கு நீ வரலாம். வருவியா? - ஜெ." அதற்குக் கீழே வேறு கையெழுத்தில்: "வருவேன். வீட்ல சொல்ல மாட்டேன். எப்ப? - பி." அதற்கும் கீழே: "ஞாயிற்றுகிழமை. பூசை முடிஞ்ச பிறகு. யாருக்கும் தெரிய வேண்டாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கொடுத்த புத்தகம் இப்படி ஒரு வேலையைச் செய்கிறதே என்று பெருமை. என் தவறு அங்கேதான் தொடங்கியது. அந்த எழுத்துகளை அழித்திருக்கலாம். இருவரையும் தனியாகக் கூப்பிட்டு, கவனமாக இருங்கள் என்று சொல்லியிருக்கலாம். எதையும் செய்யாமல், பரீட்சைத் தாளில் எழுதுகிற பழக்கத்தில் நானும் ஒரு பென்சிலை எடுத்து அந்தப் பக்கத்தின் அடியில் எழுதினேன்: "நல்லது. தைரியமாகத் தொடருங்கள்."

அந்தப் பிள்ளைகளின் ரகசியத்துக்குள் நானும் கொஞ்சம் இடம் பிடிக்க ஆசைப்பட்டேன். வேறு காரணம் இல்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை. தலைமையாசிரியர் கூட்டத்துக்காகத் தேனி போயிருந்தார். மதியச் சாப்பாடு முடிந்து மணி அடித்துக் கால் மணி நேரம் இருக்கும். நூலக அறையில் நான் தனியாக இருந்தேன். பிரியா அன்று பள்ளிக்கு வரவில்லை என்பதைக் காலையில் வருகைப் பதிவில் பார்த்திருந்தேன், காய்ச்சலாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மூன்று ஆண்கள். முன்னால் வந்தவரை எனக்குத் தெரியும், பிரியாவின் சித்தப்பா. பள்ளி ஆண்டு விழாவுக்குப் பந்தல் போட்டுக் கொடுக்கிற, என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்கிற மனிதர். அன்றைக்கும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அதுதான் எனக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது. சத்தம் போட்டுக்கொண்டு வந்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

கையில் காலண்டர் தாள் அட்டை போட்ட புத்தகம். பிரியாவின் துணிகளுக்கு அடியில் அவள் அம்மா கண்டெடுத்ததாம். நூற்றிப் பதினேழாம் பக்கத்தைப் பிரித்து மேஜையில் என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"இந்த ஜெ யாரு டீச்சர்?"

அந்தக் கேள்வி எந்தத் திசையில் போகிறது என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. நம் மொழியில் நான் என்பதற்கும் நீ என்பதற்கும் ஆண் பெண் கிடையாது. வா, வருவேன் என்பதிலும் கிடையாது. அந்த வரிகளை வீட்டுக்குள் வைத்துப் படித்தவர்கள் ஒரு பெண்ணின் சிநேகிதியை நினைக்கவே இல்லை. ஒரு பையனைத்தான் நினைத்திருக்கிறார்கள். பூசை என்றால் மாதா கோயில் ஞாயிறு வழிபாடுதான், அதைப் பார்த்ததும் அவன் எந்தத் தெரு என்பதும் அவர்களுக்கு முடிவாகிவிட்டது.

நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே அது பாதி அடங்கியிருக்கும். சொல்லவில்லை. ஜெனிட்டாவின் பெயரைச் சொன்னால் செல்வமேரியின் வேலை போகும், அந்த வீட்டுக்கு ஏதாவது வரும் என்று யோசித்தது உண்மைதான். ஆனால் என் கண் அந்த மூன்று வரிகளுக்குக் கீழே இருந்த என் கையெழுத்தின் மேல் இருந்தது. தைரியமாகத் தொடருங்கள். அவர் விரல் அதற்கு ஒரு அங்குலம் மேலே நின்றது.

"தெரியாதுங்க" என்றேன்.

யார் யார் எடுத்தார்கள் என்று எழுதி வைக்கும் நோட்டைக் கேட்டார். தலைமையாசிரியர் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டு போய்விட்டார் என்றேன். நோட்டு என் முழங்கைக்கு அடியில் மேஜை டிராயரில் இருந்தது. அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இது பெரியாளு எழுத்தால்ல இருக்கு. இது யாருன்னும் தெரியாதாக்கும்?"

அதற்கும் தெரியாது என்றேன்.

அவர் புத்தகத்தை மூடினார். பின்னால் நின்றவர்களில் ஒருவர், செல்வமேரி மகன் போன வாரம் பெட்டி ஏற்ற வந்தபோது நம்ம பிள்ளைதான் தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தது, நான் அன்னைக்கே சொன்னேனே என்றார். சித்தப்பா புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். என்னைப் பார்த்து, "நீங்க சொல்ல மாட்டீக டீச்சர். பரவால்ல. எங்களுக்குத் தெரிஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் பள்ளியில் எனக்கு மூத்த ஆசிரியை ஒருவர் இருந்தார். கோபமாக வருகிறவரிடம் தெரியாது என்று மட்டும் சொல்லாதே, உன் பதிலுக்குப் பதிலாக அவரே ஒன்றை வைத்துக்கொண்டு போய்விடுவார் என்று அவர் ஒருமுறை சொல்லியிருந்தார். ஒரு பிள்ளையின் மதிப்பெண் தகராறில் சொன்னது. மோட்டார் சைக்கிள்கள் கிளம்புகிற சத்தம் கேட்டபோது அது எனக்கு ஞாபகம் வந்து என்ன பயன். என் பதிலின் இடத்தில் ஜெரால்டின் பெயர் உட்கார்ந்துவிட்டது. அவன் எங்கோ ஒரு ரோட்டில் பழப் பெட்டிகளோடு எதுவும் தெரியாமல் வந்துகொண்டிருந்தான்.

நான் நாற்காலியை விட்டு எழவில்லை. இதை வெட்கப்படாமல் சொல்கிறேன், உங்களுக்கும் ஒருநாள் அப்படி நேரலாம். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. இரண்டு நிமிடமாக இருக்கலாம்.

தலைமையாசிரியருக்குப் போன் செய்தேன். நான் வரும்வரை எதுவும் செய்யாதீர்கள் என்றார். தேனியிலிருந்து அவர் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். காவல் நிலையத்துக்குப் போன் செய்து, இன்ன வண்டி ஓட்டுகிற பையனைத் தேடிச் சிலர் போயிருக்கிறார்கள் என்று சொன்னேன். வண்டி எந்த ரோட்டில் வருகிறது என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. ஒன்பதாம் வகுப்புக்குப் போய் ஜெனிட்டாவை வெளியே அழைத்தேன்.

அவளிடம் நடந்ததை முழுதாகச் சொன்னேன். பதினாலு வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். மறைத்ததால்தான் இந்த இடத்துக்கு வந்திருந்தோம். அவள் என் போனில் அண்ணன் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். வண்டி ஓட்டும்போது பாட்டுப் போட்டிருப்பான் மிஸ், கேக்காது என்றாள். சுருளிப்பட்டிப் பக்கம் லோடு ஏற்றப் போயிருக்கிறான் என்று மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைக் காவல் நிலையத்துக்குச் சொன்னேன்.

பிறகு அவளைக் கேட்டேன். "ஜெங்கிறது நீதான்னு நான் போய்ச் சொல்லலாமா?"

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாவுக்கு வேலை போயிருமா மிஸ்?"

"போகலாம்."

"பிரியாவ அடிப்பாகளா?"

"அடிக்கலாம். எனக்குத் தெரியல."

"சொல்லாட்டி அண்ணன என்ன செய்வாக?"

பதிலை அவள் என் முகத்தில் படித்துக்கொண்டாள். உள்ளே போய்த் தன் பையிலிருந்து தமிழ்க் கட்டுரை நோட்டை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். நான் கேட்கவே இல்லை. "எங்கையெழுத்து இருக்குல்ல மிஸ். அதக் காட்டுங்க" என்றாள். அந்தப் பயத்திலும் அவளுக்கு ஓடிய யோசனை எனக்கு ஓடவில்லை.

தானும் வருகிறேன் என்றாள். நான் சம்மதிக்கவில்லை. கணக்கு ஆசிரியரிடம் அவளை ஒப்படைத்து, நான் திரும்பி வருகிறவரை யார் வந்து கேட்டாலும் அனுப்பக்கூடாது என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

எங்கே போவது என்பதுதான் அன்று நான் எடுத்த முடிவுகளில் சரியானது. சித்தப்பாவைத் துரத்திக்கொண்டு சுருளிப்பட்டி ரோட்டில் போகவில்லை. கொதித்துப் போயிருப்பவர் அந்த நேரம் என் பேச்சைக் கேட்க மாட்டார், அதிலும் ஏற்கெனவே பொய் சொன்ன என் பேச்சை. அவரை நிறுத்தக்கூடிய ஒரே ஆள் அவருடைய அண்ணன். பிரியாவின் அப்பா. தோட்டத்துக்கு வண்டியைத் திருப்பினேன்.

பந்தலுக்கு நடுவே தகர ஷெட். பெண்கள் பழத்தைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள், செல்வமேரி கொடிக்கு அடியில் கத்தரியோடு நின்று குலை வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. பிரியாவின் அப்பா ஷெட்டின் மூலையில் ஒரு கவிழ்த்த பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். கையில் போன். அவர் எழுந்திருக்கவில்லை. அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன், இல்லை. என்னைப் போலவே பயந்து போயிருந்தார். ஊர் என்ன பேசும், சொந்தக்காரர்கள் என்ன கேட்பார்கள் என்ற பயம்.

உங்கள் தம்பியை நிறுத்துங்கள் என்றேன்.

"நான் எதுவும் சொல்லல டீச்சர்" என்றார். "போன்னும் சொல்லல. போகாதன்னும் சொல்லல."

அந்தப் பதிலை நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். அதைவிட என்னைப் பயமுறுத்திய பேச்சை வாழ்க்கையில் கேட்டதில்லை. ஒரு நல்ல மனிதர், கையில் போனை வைத்துக்கொண்டு, நடப்பது நடக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.

ஜெ என்பது பையன் இல்லை, என் மாணவி, ஜெனிட்டா என்றேன். அவர் நம்பவில்லை. அந்தப் பையனைக் காப்பாற்றுவதற்காக நீங்கள் சொல்வீர்கள் என்றார். அவர் தம்பி அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பியிருந்தார். படத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். கட்டுரை நோட்டை அதன் பக்கத்தில் பிரித்து வைத்தேன். அவசரத்தில் இரண்டு மூன்று தாள் கசங்கிப் போனது. விடுமுறை நாளைப் பற்றிய கட்டுரை. அதில் நாலு இடத்தில் ஞாயிற்றுகிழமை என்று எழுதியிருந்தாள். நடுவில் க் இல்லை. நாலு இடத்திலும் நான் சிவப்பு மையில் க் போட்டு வட்டம் இட்டிருந்தேன். போனில் இருந்த படத்திலும் அதே சொல், அதே பிழை, வால் சுருண்ட அதே ழ.

அவர் நோட்டைப் பார்த்தார், போனைப் பார்த்தார். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். என் மனசு ஒவ்வொரு நொடியும் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

"அடியில இருக்கது?" என்றார்.

"அது நான் எழுதினது" என்றேன். "உங்க தம்பி கேட்டப்ப தெரியாதுன்னு சொன்னேன். பயந்துட்டேன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதத் தெரியவில்லை. அதற்குள் செல்வமேரி வந்து ஷெட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. மகன் பெயரும் மகள் பெயரும் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். உள்ளே வந்து, பிரித்து வைத்திருந்த நோட்டைக் குனிந்து பார்த்தாள்.

"எம்மவ எழுத்துதான் ஐயா. சத்தியமா எம்மவ எழுத்துதான்."

செல்வமேரிக்கு எழுத்துக் கூட்டவும் வராது. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

அவர் தம்பிக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். பழம் அடுக்கிக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றுவிட்டன. மூன்றாவது முறை எடுத்தார்கள். அந்தப் பக்கம் ஏதோ இரைச்சல்.

"ஏலே, எங்கன நிக்கிற? அவன விடு. அவன் இல்ல. பொம்பளப்புள்ள எழுதுனதுடா அது. நான் சொல்றேன், விடுறா." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு குரல் இறங்கியது. "உசுரு இருக்கில்ல?"

செல்வமேரி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

ஜெரால்டின் வண்டியைத் தென்னந்தோப்பு ஓரமாக மறித்து அவனை இறக்கியிருந்தார்கள். இடது மணிக்கட்டு உடைந்திருந்தது. முன்பல் இரண்டு போயிருந்தது. எதற்காக அடித்தார்கள் என்பதே அவனுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தபோது, பழம் நசுங்கிப் போச்சு என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் தகவல் சொல்லிக் கிளம்பிய போலீஸ் ஜீப் வந்து சேர்ந்தபோது ரோட்டில் உடைந்த கண்ணாடியும் அவனும்தான் இருந்தார்களாம். இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அங்கே ஒருவரும் பேசவில்லை. நான் மேஜையில் உட்கார்ந்திருந்த இரண்டு நிமிடத்தை நினைத்துக்கொண்டு அவன் கட்டிலருகே நின்றேன்.

புகார் கொடுக்கவில்லை. ஜெரால்டின் வீட்டார் கொடுக்க மாட்டோம் என்றார்கள், அங்கேயே வாழ வேண்டும் என்றார்கள். நான் கண்டதை எழுதிக் கொடுக்கத் தயார் என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். கொஞ்சம் பொறுங்கள் என்றார். பொறுத்தேன். அது அப்படியே போய்விட்டது. இதையும் உங்களிடம் மறைப்பதற்கில்லை. தோட்டத்து ஷெட்டில் வந்த தைரியம் ஒரு மாலைக்குத்தான் இருந்தது.

அடுத்த வாரம் பிரியாவின் அப்பா வந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார். பிள்ளையை வெளியூர் விடுதியில் சேர்க்கப் போவதாகச் சொன்னார். ஆம்பளப் பய இல்லை என்றதும் அவருக்கு உயிர் வந்ததே தவிர, மகள் காலனி வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு வந்தாள் என்பது வேறொரு குற்றமாக நின்றது. பிரியாவை நான் அதன்பிறகு பார்க்கவில்லை. செல்வமேரியை யாரும் வேலைக்கு வராதே என்று சொல்லவில்லை. ஆனால் பழம் வெட்ட ஆள் கூப்பிடும் வண்டி அவள் வீட்டு முன்னால் நிற்பது நின்றுவிட்டது. அவள் விடிகாலை ஜீப்பில் ஏறிக் குமுளிக்கு அந்தப் பக்கம் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகத் தொடங்கினாள்.

ஜெனிட்டா பள்ளிக்கு வந்தாள். பத்தாம் வகுப்பு முடிகிறவரை நூலகத்துக்குள் மட்டும் காலெடுத்து வைக்கவில்லை. என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வாள். பதிலுக்கு நான் ஏதாவது பேச வாயெடுத்தால் நகர்ந்து போய்விடுவாள்.

அந்தப் பயம் இரண்டு வருடம் என் கையைக் கட்டிப்போட்டிருந்தது. வெளியே யாருக்கும் தெரியாது, ஆனால் என் அலமாரியைப் பார்த்தால் தெரிந்திருக்கும். பொது அறிவு, விஞ்ஞானிகளின் வாழ்க்கை, நீதிக் கதை. மனிதர்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகிற கதைகளைப் பின் வரிசைக்குத் தள்ளியிருந்தேன். பிள்ளைகள் புத்தகம் எடுப்பது பாதியாகக் குறைந்தது. ஒருநாள் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, அலமாரி முன்னால் பத்து நிமிடம் நின்றுவிட்டு, இங்கே கதையே இல்லையா டீச்சர் என்று கேட்டாள். அன்று மாலையே பின் வரிசையை முன்னால் கொண்டுவந்தேன். பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பயந்துகொண்டே செய்தேன். ஓய்வு பெறும் நாள் வரை ஒவ்வொரு புத்தகத்தையும் பயந்துகொண்டேதான் கொடுத்தேன். திரும்பி வந்ததும் ஓரங்களைப் பார்த்து, பென்சில் எழுத்து இருந்தால் படிக்காமல் அழித்தேன். எழுதிய பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, இதை நோட்டில் எழுதி வைத்துக்கொள் என்று மட்டும் சொன்னேன்.

புத்தகம் கொடுக்காதீர்கள் என்பதற்காக நான் இதையெல்லாம் சொல்லவில்லை. கொடுங்கள். ஆனால் உங்கள் கை எதுவரை நீள வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தைரியமாக இரு என்று ஒரு பிள்ளைக்கு எழுதுவது சுலபம். அதற்கான விலை நம் வீட்டு வாசலுக்கு வராது.

ஓய்வுக்குப் பிறகு நான் பழனிசெட்டிபட்டியில் மகன் வீட்டில் இருக்கிறேன். சென்ற வருடம் சர்க்கரைக்கு மருந்து மாற்றுவதற்காகத் தேனியில் ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். டாக்டரைப் பார்ப்பதற்கு முன் ரத்த அழுத்தம் பார்க்கிற இடத்தில், வெள்ளைச் சீருடையில் ஒரு பெண் என் பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மிஸ்" என்றாள்.

ஜெனிட்டா. நர்சிங் முடித்து வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறதாம். அம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை, அண்ணனுக்குக் கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிறது, சொந்தமாக வண்டி வாங்கிவிட்டான் என்று நான் கேட்காமலே எல்லாம் சொன்னாள். கை மட்டும் மழை நாளில் வலிக்கும் என்பானாம். நான் மன்னிப்புக் கேட்பதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஆரம்பித்தேன். அவள் என் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே, விடுங்க மிஸ், நீங்கதான தோட்டத்துக்குப் போனீக என்றாள். அதில் எவ்வளவு மன்னிப்பு இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

கேட்டிருக்கக் கூடாது. ஆனாலும் வாய் கேட்டுவிட்டது. "பிரியா எங்கம்மா இருக்கா?"

அவள் கை பம்பை அழுத்துவதை நிறுத்தியது. அறைக் கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், யார் எந்த ஊரோ, யாருக்கு யார் சொந்தமோ. அவள் பார்வை அந்தப் பக்கம் போய்விட்டு வந்தது. அந்த ஒரு நொடியில், பள்ளிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையின் முகம் வந்து போனது.

"அத மட்டும் கேக்காதீக மிஸ்" என்றாள் மெதுவாக. காற்றை இறக்கிவிட்டு, எண்ணைச் சீட்டில் எழுதி என்னிடம் நீட்டினாள். என்னைப் பார்க்காமல், அடுத்த சீட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள். "நல்லாத்தான் இருக்கோம்."

இருக்கா என்று சொல்லவில்லை. இருக்கோம் என்று சொன்னாள்.

நான் வேறொன்றும் கேட்காமல் எழுந்தேன். அவள் அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டாள்.